வீட்டு ஆட்டின் மடியைத் தொட்டுப் பார்த்தீர்களா?

கரிசல் காட்டுப் பங்குகளில் ஆடு இல்லாத வீட்டைக் காண்பது அரிது. நிலம் இல்லாதவர் வீட்டிலும், கூரைக்கு ஓலை மாற்ற வகையற்றவர் வீட்டிலும், திண்ணையோரத்தில் ஒரு தாயாடு கட்டிக் கிடக்கும். மந்தையாக ஆடு வளர்ப்போருக்கு நாம் சொல்லித் தர ஒன்றும் இல்லை. அவர்களிடமிருந்து கற்றுக்கொண்டதையே இங்கு எழுத முற்படுகின்றோம். ஒன்றோ இரண்டோ செம்மறியாடுகளைப் பெயரிட்டு அழைத்து, பிள்ளைகளோடு பிள்ளையாக வளர்த்து வரும் குடும்பங்களுக்காகவே இக்கட்டுரை.

இவ்வாறு செல்லமாக வளரும் ஆட்டின் நிலை விந்தையானது. நாள்தோறும் பத்துக் கைகள் அதைத் தொடுகின்றன. சிறுவர் நெற்றியைச் சொறிகின்றனர். சிறுமியர் கழுத்தில் மணியும் பாசியும் கட்டுகின்றனர். வீட்டுக்கு வருகின்ற விருந்தினரும் முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டே உள்ளே நுழைகின்றனர். ஆயினும் பின்னங்கால்களின் நடுவே, மடியின்மீது, எவர் கையும் செல்வதில்லை. பசுவானால் காலையும் மாலையும் பால் கறக்கின்றோம். கறக்கின்ற கைக்கு மடியின் செய்தி தானாகவே தெரிந்துவிடுகின்றது. செம்மறியாட்டை நம் நாட்டில் பெரும்பாலும் கறப்பதில்லை. பால் முழுவதும் குட்டிக்கே உரியது. ஆதலால் மடியில் நேர்கின்ற கேட்டைக் குட்டி ஒன்றே அறியும். அதற்கோ கத்த மட்டுமே தெரியும்.

இதை நாம் நூல்களில் படித்து அறிந்தோம் இல்லை. சில ஆண்டுகளுக்கு முன் நம் பங்கு இல்ல வளாகத்தில் ஒரு பெட்டையாடு வளர்ந்து வந்தது. அந்தோனியாருக்கு நேர்ச்சையாக விடப்பட்ட குட்டி அது. திருவிழா ஏலத்தில் அதை எடுத்தவர், பள்ளிப் பிள்ளைகள் அழுததைக் கண்டு மனமிரங்கி, வளாகத்திலேயே விட்டுச் சென்றார். வெண்ணிற உடலில் செம்பழுப்புத் திட்டுகள் கொண்ட வேம்பூர் ஆடு. அவ்வகை ஆட்டைப் பொட்டாடு என்று அழைப்பது இப்பக்கத்து வழக்கம் ஆதலால், பிள்ளைகளும் அதற்குப் 'பொட்டு' என்றே பெயர் வைத்தனர்.

பொட்டு ஒரு பெட்டைக் குட்டியை ஈன்றது. நான்காம் நாள் இடப் பின்னங்காலைச் சற்றே இழுத்து நடந்தது. சீமைக் கருவேல முள் ஏறியிருக்கும் என்று நாம் கருதினோம். கோவில்பிள்ளையும் நாமுமாகக் குளம்பைத் திருப்பித் திருப்பித் தேடினோம். முள் ஒன்றும் அகப்படவில்லை. வேப்பெண்ணெயைத் தடவி விட்டோம். அன்றிரவு முழுவதும் குட்டி கத்திக்கொண்டே இருந்தது. "பால் பத்தல போலிருக்கு சாமி" என்றார் சமையல் செய்யும் அம்மாள். "கஞ்சியைக் கொஞ்சம் கூட்டி வையுங்கள்" என்று விடை தந்துவிட்டு உறங்கச் சென்றோம். மறுநாள் காலையில் பொட்டு எழுந்திருக்கவில்லை.

அப்பொழுது பக்கத்துப் புன்செய்யில் கிடை போட்டிருந்த கீதாரி ஒருவர், குடத்தோடு தண்ணீருக்கு வந்தார். அவர் காலைப் பார்க்கவே இல்லை. குனிந்து, மடியின்மேல் புறங்கையை ஒரு கணம் வைத்து எடுத்தார். "கால்ல ஒண்ணுமில்ல சாமி. ஒரு பக்கத்து மடி செத்துப் போச்சு. நேத்தே தொட்டுப் பாத்திருக்கலாமே?" என்றார். நாமும் தொட்டோம். வலப்பாதி வெதுவெதுப்பாக இருந்தது. இடப்பாதியோ மழையில் நனைந்த மண்பானையைப் போலக் குளிர்ந்து, நீலம் பாரித்துக் கருகத் தொடங்கியிருந்தது. நல்ல ஆயனைப் பற்றி இருபத்தைந்து ஆண்டுகள் மறையுரை ஆற்றிய நமக்கு, ஓர் ஆட்டை எங்கே தொட வேண்டும் என்பது அன்றுதான் தெரிந்தது.

நண்பகலுக்குள் கால்நடை மருத்துவர் வந்து ஊசி போட்டார். ஆடு பிழைத்தது, மடியின் ஒரு பாதி பிழைக்கவில்லை. அது சில வாரங்களில் கறுத்துக் காய்ந்து, அழுகி, கழன்று விழுந்தது. அதுவரை ஈ மொய்க்காமலும் புழு வைக்காமலும் அந்தப் புண்ணைக் காத்த பாடு கொஞ்சமன்று. குட்டியோ புட்டியில் வெள்ளாட்டுப் பாலைக் குடித்து வளர்ந்தது.

கீதாரி அன்று மாலை தம் கிடைக்கு நம்மை அழைத்துச் சென்று, நலமான மடி எப்படி இருக்கும் என்பதைப் பத்துப் பன்னிரண்டு ஆடுகளைத் தொடச் செய்து காட்டினார். நோயை அறிய வேண்டுமானால் முதலில் நலத்தை அறிந்திருக்க வேண்டும் அன்றோ? நலமான மடி வெதுவெதுப்பாக இருக்கும். குட்டி குடித்து முடித்தபின் தளர்ந்து, துணிப்பை போலக் கைக்கு இசைந்து கொடுக்கும். பால் நிறைந்திருக்கும் வேளையில் விம்மி நிற்கும். எனினும் விரலால் அழுத்தினால் உள்வாங்கும், ஆடும் காலை உதறாது. தோல் வழுவழுப்பாக, இளஞ்சிவப்பாகவோ ஆட்டின் இயல்பான நிறத்திலோ இருக்கும்.

செம்மறியாட்டுக்கு மடி இரு பாதிகளாக அமைந்துள்ளது, காம்பும் இரண்டே. ஒரு பாதியில் ஊறுகின்ற பால் மறு பாதிக்குச் செல்வதில்லை. இடையே ஒரு சுவர் உண்டு. இந்த அமைப்பு நமக்குப் பேருதவியாகின்றது. ஒரு பாதி கெட்டாலும் மறு பாதி பெரும்பாலும் நலமாகவே இருக்கும். ஆகவே அளவுகோல் வெளியே எங்கும் வேண்டியதில்லை. இரு பாதிகளையும் ஒரே நேரத்தில் இரு கைகளாலும் தொட்டு ஒப்பிட்டால் போதும். ஒன்று சூடாக, மற்றது மிதமாக. ஒன்று கல்லாக, மற்றது பஞ்சாக. ஒன்று பெரிதாக, மற்றது சிறிதாக இருந்தால், அந்த வேற்றுமையே முதல் அறிகுறி.

தொடுவதற்கு ஏற்ற வேளை காலை, மேய்ச்சலுக்கு அவிழ்த்து விடுமுன். வீட்டாருள் ஒருவர் ஆட்டைச் சுவரோடு சேர்த்து நிறுத்தி, தாடையின் கீழ்க் கையைக் கொடுத்துப் பிடித்துக்கொள்ளட்டும். மற்றவர் பக்கவாட்டில் மண்டியிட்டு அமரட்டும். நேர் பின்னே அமர்ந்தால் உதை நிச்சயம். கைகளைச் சோப்பிட்டுக் கழுவித் துடைத்திருக்க வேண்டும்; நகம் வெட்டியிருக்க வேண்டும். முதலில் புறங்கையால் சூட்டைப் பார்க்கவும். பின்பு விரல்களைத் தட்டையாக வைத்து, மேலிருந்து கீழாக மெல்ல அழுத்தி வரவும். கோலிக்குண்டு போன்ற கட்டிகள் உருளுகின்றனவா என்பதை இதனால் அறியலாம். கடைசியாகக் காம்பு. முட்கீறல், குட்டியின் பல் பட்ட புண், உண்ணி, கொப்புளம் ஆகிய எதையும் அற்பமாக எண்ணக் கூடாது. குட்டியின் உதட்டில் பொருக்குப் புண்ணும் தாயின் காம்பில் அதே புண்ணும் காணப்பட்டால், அது ஒட்டுவாரொட்டியான வாய்ப்புண் நோயாக இருக்கலாம். மனிதர் கைக்கும் அது தொற்றும். பிள்ளைகளை விலக்கி வைப்பதே நலம். காம்பு நோவதால் தாய் பால் கொடுக்க மறுக்கும், பால் தேங்கும், தேங்கிய இடத்தில் மடிநோய் குடியேறும்.

இனிப் பாலைப் பார்ப்போம். ஒவ்வொரு காம்பிலிருந்தும் இரண்டு மூன்று பீற்று எடுத்தால் போதும். தரையிலே பீய்ச்சிவிடுவது பெருந்தவறு. நோய்ப் பாலாக இருந்தால் ஆடு படுக்கும் இடத்திலேயே கிருமியைத் தெளித்தவர் ஆவோம். ஒரு சிறு கிண்ணத்தின் வாயில் கறுப்புத் துணியைக் கட்டி அதன்மேல் பீய்ச்ச வேண்டும். நம் பழைய குடைத் துணி இதற்கே இன்றும் பயன்பட்டு வருகின்றது. கறுப்பின்மேல் வெண்ணிறத் துணுக்குகள், திரிதிரியான கட்டிகள், நீர்த்த மோர் போன்ற தெளிவு, இரத்தச் சாயல் ஆகியவை பளிச்செனத் தெரியும். ஒன்றைச் சொல்லி வைப்பது நல்லது. குட்டி ஈன்ற முதல் இரண்டு மூன்று நாட்களில் சுரப்பது சீம்பால். அது மஞ்சளாகவும் தடிப்பாகவும் இருப்பது இயல்பே. அதைக் கண்டு அஞ்ச வேண்டாம். ஈன்றவுடன் காம்பின் நுனியில் மெழுகு போன்ற அடைப்பு ஒன்று இருக்கும். அதைப் பீய்ச்சி நீக்கிவிட்டால் குட்டிக்குச் சீம்பால் தடையின்றிக் கிடைக்கும். இரு பாதிகளிலும் பால் வருகின்றது என்பதும் அப்பொழுதே உறுதியாகும்.

எத்தனை நாள் இப்படித் தொட்டுப் பார்ப்பது என்று கேட்கலாம். செம்மறியாடு கருவுற்று ஏறத்தாழ 150 நாட்களில் ஈனுகின்றது. கடைசி மூன்று நான்கு வாரங்களில் மடி விடத் தொடங்கும். சில ஆடுகளுக்கு ஈனுமுன் இரு பாதிகளும் சேர்ந்தே சிறிது நீர் கோத்து வீங்கும். சூடும் நோவும் இல்லாதவரை அதில் அச்சம் இல்லை. ஈன்ற முதல் வாரங்களே பேரிடர் மிகுந்தவை. அப்பொழுது நாள்தோறும் பார்க்க வேண்டும். அதன்பின் குட்டி புல் கடிக்கும் வரை வாரம் இருமுறை போதும். குட்டியைப் பிரிக்கும் நாட்களில் மறுபடியும் விழிப்பு வேண்டும்.

இந்தக் கடைசிச் செய்தியைச் சற்று விரித்துரைக்க வேண்டியுள்ளது. ஏனெனில் இதில் தவறுவோர் பலர். பணத்தட்டுப்பாடு வந்ததும் வெள்ளிக்கிழமை இரவு குட்டியைப் பிடித்துக் கட்டி, விடிந்ததும் எட்டயபுரம் சனிக்கிழமைச் சந்தைக்குக் கொண்டுசெல்கின்றோம். வீட்டில் தாய்க்கு மடி நிறையப் பால். குடிப்பாரில்லை. அது கத்துகின்றதே என்று இரங்கி, வீட்டார் இன்னும் கொஞ்சம் புண்ணாக்கும் சோளமும் வைக்கின்றனர். அந்த இரக்கமே மடியில் மேலும் பாலை ஊறச் செய்கின்றது. செய்ய வேண்டியது நேர் எதிரானது. குட்டியைப் பிரிப்பதற்குச் சில நாட்கள் முன்பே அடர்தீவனத்தை நிறுத்திக் காய்ந்த தட்டையும் வைக்கோலும் மட்டும் தர வேண்டும். பிரித்தபின் ஆசைக்காகக் கறக்கவும் கூடாது. கறக்கக் கறக்க ஊறும். மடி இறுகி இருக்கும் அந்த மூன்று நான்கு நாட்கள் தொட்டுப் பார்த்து, ஒரு பாதி மட்டும் சூடேறுகின்றதா என்று கவனித்தால் போதும். பிறகு தானே வற்றிவிடும்.

நோயைத் தோற்றுவிக்கும் கிருமிகள் எங்கிருந்தோ காற்றில் பறந்து வருவன அல்ல. ஸ்டாபிலோகாக்கஸ் ஆரியஸ் என்பது தோலிலும் மூக்கிலும் இருக்கும். மேன்ஹைமியா ஹீமோலிட்டிகா என்பது நலமான குட்டியின் தொண்டையிலேயே குடியிருக்கும். காம்பில் கீறலோ, பால் தேக்கமோ, ஈரமும் சாணமுமான படுக்கையோ வாய்த்தால் அவை மடிக்குள் ஏறிவிடுகின்றன. பால் நின்றதும் "கண் பட்டுவிட்டது" என்று உப்பும் மிளகாயும் சுற்றிப் போடுவோர் நம் மக்களிடையே இன்றும் உண்டு. மிளகாய்க்கு ஆகும் நேரத்தில் மடியைத் தொட்டுவிடலாம்.

கைக்குத் தெரியுமுன் கண்ணுக்குத் தெரியும் சில குறிகளும் உண்டு. ஆடு பின்னங்காலை அகட்டி நிற்கும்; இழுத்து நடக்கும். குட்டி முட்டும்போது விலகி ஓடும். குட்டி ஒரே பக்கத்தை நாடும், அதன் விலாப்புறம் ஒட்டிப்போகும், ஓயாது கத்தும். மூடிய வயிறோடு உறங்குகின்ற குட்டியே நிறைந்த குட்டி. தாய் தீனியை முகர்ந்துவிட்டுத் திரும்புமானால் காய்ச்சல் பார்க்க வேண்டும். ஆசனவாயில் வைத்துப் பார்க்கும் வெப்பமானியில் 102 முதல் 103.5 பாரன்ஹீட் பாகை வரை இயல்பு. வெயிலில் நடந்து வந்தவுடன் பார்த்து ஏமாறக் கூடாது. நிழலில் சற்று நேரம் நிறுத்திப் பார்க்க வேண்டும். சூடு இறங்கிவிட்டது என்று எப்போதும் மகிழவும் கூடாது. நஞ்சு உடலெங்கும் பரவிய ஆட்டுக்கு வெப்பம் இயல்புக்கும் கீழே போகும். மடி சூடாக இருப்பது ஆபத்து. குளிர்ந்து நீலமாவது அதனினும் பேராபத்து. அந்நிலையில் ஓரிரு நாட்களிலேயே ஆடு மாண்டுபோகலாம்.

கடந்த புரட்டாசியில் நம் பங்கைச் சேர்ந்த கைம்பெண் ஒருவர், முதல் திருப்பலி முடிந்ததும் கோவில் வாசலில் நமக்காகக் காத்திருந்தார். வீட்டில் ஆடு ஒன்றே சொத்து. மகளின் விடுதிக் கட்டணத்தை அதன் குட்டிகளே செலுத்தி வந்தன. "சாமி, குட்டி வலப்பக்கம் மட்டுமே குடிக்குது. நீங்க சொன்ன மாதிரி தொட்டுப் பாத்தேன். இடப்பக்கம் கொதிக்குது. கொழுந்தனார் மகன் வேப்ப ஈர்க்கைக் காம்புக்குள்ள விட்டு எடுத்தாச் சரியாயிடும்னு சொல்றான்" என்றார். "அவனைத் தடுத்து வையம்மா" என்று சொல்லி உடனே 1962 என்னும் எண்ணுக்குத் தொலைபேசியில் பேசினோம். கால்நடைகளுக்கான நடமாடும் மருத்துவ ஊர்தியை அழைக்கும் இலவச எண் அது. ஆடு வளர்க்கும் வீட்டுச் சுவரில் கரியால் எழுதி வைக்கத்தக்கது. மருத்துவர் வந்து பார்த்தபோது பால் திரியத் தொடங்கியிருந்தது. மடியின் நிறம் மாறவில்லை. ஊசியும் வலிமருந்தும் தந்து, கெட்ட பாலை அடிக்கடி பீய்ச்சி வெளியே கொட்டச் சொன்னார். ஐந்தாம் நாள் குட்டி இரு பக்கமும் குடித்தது.

ஈர்க்கு, கம்பி, கோழி இறகு ஆகியவற்றைக் காம்புத் துளைக்குள் நுழைக்கும் வழக்கத்தை அறவே விட வேண்டும். வெளியில் உள்ள கிருமியை உள்ளே கொண்டு சேர்ப்பதற்கு இதனினும் எளிய வழி இல்லை. பசுவுக்கு வாங்கி மிஞ்சிய மடி மருந்துக் குழாயை ஆட்டின் சிறு காம்பில் திணிப்பதும் அவ்வாறே. மருத்துவர் கூறினால் அன்றிச் செய்யலாகாது. ஊசி மருந்தை அவர் சொன்ன நாள் வரை முடிக்க வேண்டும். ஆடு எழுந்து நின்றதும் நிறுத்தக் கூடாது. அந்த நாட்களில் எடுக்கும் பாலை எவரும் பருகலாகாது. ஆட்டை இறைச்சிக்கு விற்பதற்கும் எத்தனை நாள் பொறுக்க வேண்டும் என்பதை அவரிடமே கேட்டு அறிய வேண்டும்.

கைவைத்தியம் பயன்படாதா என்று முதியோர் கேட்கின்றனர். பசுக்களின் மடிநோய்க்குச் சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் சேர்த்தரைத்து, நீரில் கரைத்து மடியெங்கும் பலமுறை பூசும் முறையைத் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமே பரப்பியுள்ளது. அதை நாம் இகழவில்லை. ஆட்டுக்குச் சிறிதளவே வேண்டியிருக்கும். ஆனால் மருத்துவர் வரும் வரையிலும், வந்தபின் அவர் இசைவோடும் பூசுவதற்கே அது உரியது. நீலம் பாரித்த மடிக்குக் கற்றாழை அரைத்துக்கொண்டிருப்போமானால் ஆட்டை இழந்துவிடுவோம்.

ஆடு வாங்கச் செல்வோருக்கும் ஒரு சொல். சந்தையில் பல்லைப் பார்க்கின்றீர்கள், முதுகெலும்பை அழுத்துகின்றீர்கள், விலைக்குத் துண்டு போட்டு விரலைப் பிடிக்கின்றீர்கள். கைவிரல் துண்டுக்குள் போகுமுன் ஒருமுறை மடிக்குப் போகட்டும். ஒரு பாதி சுருங்கி, உள்ளே கட்டியாக இருந்தால் அது பழைய நோயின் வடு. அத்தகைய ஆடு பார்வைக்கு எவ்வளவு அழகாயினும் இரு குட்டிகளுக்குப் பால் தராது.

பொட்டுவை இனி ஈனவிட வேண்டாம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அது இன்றும் வளாகத்து வேப்பமரத்தடியில் அசைபோட்டுக்கொண்டு இருக்கின்றது. புட்டிப் பாலில் வளர்ந்த அதன் மகள் இந்தக் கார்த்திகையில் முதற்குட்டி ஈன்றது. கோவில்பிள்ளை நாள்தோறும் விடியலில் அதன் மடியைத் தொட்டுப் பார்த்துவிட்டே மணியடிக்கச் செல்கின்றார். முதல் நாள் அது விட்ட உதையில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு போனார். அன்று பூசை மணி ஐந்து நிமிடம் தாமதமாக ஒலித்தது. இப்போது அவர் பக்கவாட்டில் அமர்கின்றார்.